சீனப் பாரம்பரிய வைத்தியம்: சில அடிப்படைகள்

சீன வைத்தியம் என்றதும் உடம்பில் ஊசி குத்துவதே நம்மில் பலருக்கு ஞாபகம் வருகிறது. அது அந்த வைத்தியத்தின் ஒரு கிளை மாத்திரமே. உயிரியல் பயிலும் மாணவி என்ற வகையில், அதன் அடிப்படை எண்ணங்கள் எவை, அவற்றை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதையே நான் இங்கு எழுத விரும்புகிறேன்.

இதன் மூலநூல் 'ஹுவாங்டி நெய்ஜிங்'. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் தொகுக்கப்பட்டது. பேரரசர் கேள்வி கேட்க, வைத்தியர் விடை சொல்கிறார். உடலில் 'சீ' எனும் உயிராற்றல் 12 பிரதான பாதைகளில் ஓடுகிறது என்பதும், ஓட்டம் தடைப்பட்டால் நோய் வரும் என்பதும் இம்முறையின் கொள்கை.

அடுத்தது யின், யாங். ஆதியில் இச்சொற்கள் மலையின் நிழற்பக்கத்தையும் வெயிற்பக்கத்தையும் குறித்தனவாம். குளிர், இரவு, ஓய்வு யின். சூடு, பகல், அசைவு யாங். இவற்றில் ஒன்று நல்லது, மற்றையது கெட்டது என்றில்லை. ஒன்று மிஞ்சுவதே கோளாறு. அதனால் ஒரே தலைவலிக்கு இருவருக்கு இரு வேறு மருந்துகள் கிடைக்கலாம். அன்னாசி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்கக் கடினமன்று.

மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து மூலகங்களும் உண்டு. (நாம் அறிந்த ஐம்பூதங்களிலுள்ள காற்றும் ஆகாயமும் இதில் இல்லை!) இவை முறையே ஈரல், இதயம், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றோடு இணைக்கப்படுகின்றன. வைத்தியர் நாக்கைப் பார்ப்பார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பிடிப்பார்.

ஒழுங்கான அமைப்புத்தான். ஆனால் 'சீ' ஓடும் பாதையை உடற்கூற்றியல் இதுவரை கண்டதில்லை. 'மூலிகைதானே, கெடுதி செய்யாது' என்ற பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. ஒரு மூலிகைக்குப் பதிலாக நச்சுள்ள அரிஸ்டலோக்கியா அதில் கலந்திருந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாமா? தூ யூயூ என்ற சீனப் பெண் விஞ்ஞானி ஒதுக்கவில்லை. மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய நூல்களைப் புரட்டினார். சிங்ஹாவ் என்ற செடியைச் சோதித்தபோது பலன் நிலையாகக் கிடைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கோ ஹொங் எழுதிய கைநூலை மீண்டும் வாசித்தார். அதில் செடியைக் காய்ச்சும்படி சொல்லப்படவில்லை. வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று எண்ணி, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971இல் விலங்குகளில் வெற்றி கிடைத்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன்னர், 1972இல் தாமே அதனை உட்கொண்டு பார்த்தார். அதுவே ஆர்ட்டெமிசினின், 2015இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுக் கொடுத்தது.

அவருக்கு வழிகாட்டிய அந்தப் பழைய குறிப்பில் யின், யாங் பற்றியோ 'சீ' பற்றியோ எதுவுமில்லை. ஒரு பிடி செடி, ஊறவைக்கத் தண்ணீர், பிழிந்தெடுத்த சாறு. அவ்வளவுதான்.