கடல் கடக்கும் கடகம்

ஈபே போன்ற இணையச் சந்தையில் பனையோலைக் கடகம் ஒன்றை விற்பனைக்கு வைப்பது அரைமணி நேர வேலை. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், கொழும்பு தாண்டி அது மெல்பேணிலோ லண்டனிலோ உள்ள ஒரு வீட்டு வாசலை அடைவதுதான் வியாபாரம். எங்கள் பகுதிப் பெண்கள் பலர் இதைக் கேட்டு வருவதால், வர்த்தகப் பாடத்தில் கற்றதோடு நான் தேடி அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நிறை. ஓலைப் பொருள் பாரமற்றது, அனுப்பும் செலவு குறைவு என்றே எல்லோரும் எண்ணுகிறோம். கூரியர் நிறுவனங்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். 40, 40, 30 அளவுள்ள பெட்டிக்கு வருவது 9.6 கிலோகிராம். உள்ளே இருப்பது ஒரு கிலோவுக்கும் குறைந்த கடகமாக இருந்தாலும் கட்டணம் 9.6 கிலோவுக்கே. தபாலில் சிறுபொதியாக அனுப்பலாமே என்றால், அதற்கு மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 90 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, நிறை 2 கிலோவுக்கு மேற்படக் கூடாது. நமது கடகத்தின் கூட்டுத்தொகை 110. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து பெட்டிகளை ஒரு தொகுதியாக விற்பதே புத்தி. ஐந்துக்கும் அதே 9.6 கிலோதான்.

அடுத்தது ஈரம். வெளிநாட்டார் பரிசுப் பொருள் தேடும் கார்த்திகை, மார்கழியில்தான் வன்னியில் மழை கொட்டுகிறது. சரியாக உலராத ஓலையைப் பொலித்தீனில் கட்டினால் வழியிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அவுஸ்திரேலிய உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் தாவரப் பொருளில் பூச்சியையோ பூஞ்சணத்தையோ கண்டால், மருந்திடவோ திருப்பி அனுப்பவோ அழிக்கவோ உத்தரவிடுவார்கள். செலவு அவர்களுடையதல்ல.

பொதி தொலைந்தால் நட்டம் யாருக்கு? பொருள் கிடைக்கவில்லை என்று வாங்கியவர் முறையிட்டால், ஒப்படைத்ததற்கான கண்காணிப்புப் பதிவை விற்பவரே காட்ட வேண்டும், இல்லையேல் பணம் திரும்பிப் போகும். இது ஏதோ மேல்நாட்டுக் கொடுமை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபிலும், வாங்கியவர் கையகப்படுத்துமுன் அழிந்த பொருளின் நட்டம் விற்றவரையே சாரும். எனவே LK என முடியும் 13 இலக்கக் கண்காணிப்பு எண்ணுள்ள சேவையில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துவதே பாதுகாப்பு. முன்பணம் பெற்று இழைத்துக் கொடுப்பதானால் இன்னொரு கவனமும் வேண்டும். மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு முன்கூட்டிப் பணம் கொடுத்து வந்தோருக்கு, அளவும் நிறையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். விற்பனைப் பக்கத்தில் "சிறிய பெட்டி", "விரைவில் அனுப்புவோம்" என்று எழுதுவோர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

சுங்க வரிதான் அதிகம் மாறுவது. ஐக்கிய அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு அளித்திருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. பல நாடுகளின் தபால் துறைகள் அங்கு செல்லும் பொதிகளைச் சிறிது காலம் ஏற்கவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையான பொருட்களுக்கிருந்த பெறுமதிசேர் வரி விலக்கை 2021 ஜூலை 1 இல் நீக்கிவிட்டது. எதிர்பாராத வரியைக் கண்டு வாங்கியவர் பொதியை ஏற்க மறுத்தால், திரும்பிவரும் செலவு கடகத்தின் விலையையே விழுங்கிவிடும். வரி யாருடையது என்பதை விற்குமுன்னரே எழுதிவிட வேண்டும்.

"அன்பளிப்பு என்று போடுங்கள், விலையைக் குறைத்து எழுதுங்கள்" எனச் சில வாங்குவோர் கேட்பார்கள். பொய்யான சுங்கப் பத்திரம் ஹராம் என்பது ஒருபுறமிருக்க, 40 டொலர்ப் பெட்டியை 5 டொலர் என்று எழுதி அது தொலைந்துபோனால், 5 டொலருக்கு மேல் இழப்பீடு கேட்க வழியில்லை.