பனையேறி மீன்

பனையைப்பற்றி உரும்பிராய் மக்களுக்கு எவரும் பாடஞ் சொல்லவேண்டியதில்லை. தளைநாரும் பழகிய உடலுமின்றிப் பனையேறல் இயலாதென்பதை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். கையுங் காலுமில்லாத மீனொன்று பனையேறிற்று என்று ஒருவர் கூறின் நாம் நகைப்போமல்லவா? ஆயினும், அங்ஙனங் கூறிய கட்டுரையொன்று 1797ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறியது.

அதனை எழுதியவர், தரங்கம்பாடியில் டென்மார்க்கு நாட்டவரிடம் பணிபுரிந்த டால்டோர்ப் என்னும் படை அலுவலர். 1791ஆம் ஆண்டில், குளத்தருகே நின்ற பனையொன்றின் வெடிப்பில் மழைநீர் வழிந்துகொண்டிருக்க, நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 5 அடி மேலே அம்மீனைக் கண்டதாக அவர் எழுதினார். தமிழிலும் அதற்குப் பனையேறி என்றே பெயர். விஞ்ஞானிகளும், ஏறுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'அனாபஸ்' என்று பெயரிட்டனர். இலங்கையின் தாழ்நிலக் குளங்களிலும் இம்மீன் உண்டு.

பெயர் கிடக்கட்டும், மீனின் உடலமைப்பை நோக்குவோம். மீன்கள் செவுளாற் சுவாசிக்கின்றன. மீன் வாங்குமுன் நம் வீட்டார் சிவப்பாயிருக்கின்றதா என்று பார்க்கும் 'பூ' இதுவே. நீரைவிட்டு வெளியே எடுத்ததும் அதன் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சாதாரண மீன் மூச்சுமுட்டி இறக்கின்றது. பனையேறிக்கோ செவுளுக்கு மேலேயுள்ள அறையில், பல மடிப்புகளாயமைந்த மெல்லெலும்புத் தகடுகள் உள்ளன. அவற்றைப் போர்த்த சவ்விலே நுண்ணிய இரத்தக்குழாய்கள் நிறைந்திருக்கின்றன. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயினாற் காற்றை விழுங்கி, அவ்வறையில் வைத்து ஒட்சிசனைப் பெறுகின்றது.

இதனால் விளையும் புதுமை யாதெனின், மேலே வரவொட்டாது தடுத்துவிட்டால் இம்மீன் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துபடும்! காரணம் கணக்கிலே தெளிவாகும். ஒரு லீற்றர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீரிலோ 8 மில்லிகிராமும் இல்லை. கோடையில் வற்றிச் சேறாகிய குளத்தில் அதனினும் மிகக் குறைவு. வன்னிக் குளத்து விராலும் காற்றை விழுங்குவதாலேயே நெடுநேரம் உயிரோடிருக்கின்றது.

குளம் வற்றினால் பனையேறி வேறிடந் தேடிப் புறப்படும். செவுள்மூடியின் ஓரம் வாள்போற் பல்லுடையது. மூடியை விரித்து அம்முட்களை நிலத்தில் ஊன்றி, வாலால் உந்தி, ஒருபுறஞ் சாய்ந்தவாறு முன்னேறும். ஈரம் அதற்குத் துணை. ஆதலின் மழைவேளையே அதன் பிரயாணத்துக்கு உகந்தது. இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து, 1861இல் வெளியிட்ட நூலில் இத்தகைய தரைப் பயணங்களை விரிவாக எழுதியுள்ளார்.

அப்படியாயின் பனையேறுவதும் மெய்தானோ? இந்திய விலங்கியலறிஞர் தாஸ் என்பார் 1920களில் இம்மீன்களை ஆராய்ந்து, வேறொரு விளக்கந் தந்தார். காகமும் பருந்தும் தரையில் ஊரும் மீனைக் கவ்விச்சென்று மரக்கிளையில் விட்டுவிடுகின்றன. காற்றைச் சுவாசிப்பதால் அது அங்கே உயிரோடு கிடக்கின்றது என்பதே அது. மரத்திலே மீனைக் கண்டவர் அது தானே ஏறியதென்று கருதுதல் இயல்பே. டால்டோர்ப் பொய்யுரைத்தார் என்று நாம் சொல்லத் துணியோம். மழைநீர் வழியும் பனையடியில் முட்களைக் கொளுவிச் சிறிது தூரம் ஊர்தல் அம்மீனுக்கு முற்றும் இயலாததன்று. எனினும், ஒருவர் ஒருமுறை கண்டது ஓரினத்தின் வழக்கமாகாது. நம் மாணவர் பாடநூலில் 'மரமேறும் மீன்' என்று வாசிக்கும்போது, ஏறக் கண்டவர் யார், எத்தனை முறை கண்டார் என்று ஆசிரியரைக் கேட்டல் வேண்டும்.

பனையேறாவிடினும் இம்மீன் நெடுந்தூரம் பரவிவிட்டது. அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையேயுள்ள சைபாய், போய்கு என்னுந் தீவுகளில் இந்நூற்றாண்டிலே அது காணப்பட்டது. பெருநிலத்தை அடையுமோ என்று அந்நாட்டு அறிஞர் அஞ்சுகின்றனர். விழுங்க வரும் பறவையின் தொண்டையிலே செவுள்மூடியை விரித்துச் சிக்கிக்கொள்ளும் என்பதே அவர்தம் கவலை.