பானெட்டில் கல் தெறித்துவிட்டதா?

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசலுக்கு 16 கி.மீ.தான். ஆனால் வழியில் ஜல்லி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், பானெட்டில் நாலு இடத்திலாவது பெயின்ட் பெயர்ந்திருக்கும். மழைக்கு முன் சரிசெய்யுங்கள். இரும்பு வெளியே தெரிந்தால் துரு பிடித்துவிடும்.

ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பார்த்து, கலர் கோடு சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்குங்கள். 'வெள்ளைதானே' என்று கேட்டு வாங்காதீர்கள். வெள்ளையிலேயே பல வகை.

ஷாம்பு போட்டுக் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். துரு இருந்தால் நைஸ் உப்புத்தாளைத் தீக்குச்சி முனையில் ஒட்டி, அந்தப் புள்ளியை மட்டும் தேயுங்கள். அடுத்து பிரைமர். சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் தாமரைக் குள ஓவியத்தைக்கூட வெறும் பாறையில் தீட்டவில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய பிறகே வண்ணம் ஏற்றினார்கள்.

பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன். பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பள்ளத்தில் வையுங்கள், பரவிக்கொள்ளும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது, கடைசியில் கிளியர் கோட். வெயிலில் காய்ந்து கொதிக்கும் பானெட்டில் வேண்டாம், நிழலில் செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு வாக்ஸ் கூடாது.

மெட்டாலிக் நிறத்தில் புள்ளி லேசாகத் தெரியத்தான் செய்யும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகப் பெயர்ந்திருந்தால் பெயின்ட் பட்டறைக்கே விடுங்கள்.