குழாயின் மறுமுனை

அன்புள்ள யாழினிக்கு,

வீட்டு வாசலில் புது மழைநீர்க் கால்வாய் வந்துவிட்டது, அடுப்படித் தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் அதிலேயே விட்டுவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறார், அப்பாவும் சரி என்றுவிட்டார் என்று எழுதியிருந்தாய். "தெருவில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் சித்தப்பா, என்ன தப்பு?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கால்வாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால் உனக்கே விளங்கும்.

பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர்க் கால்வாயின் வழியில் அப்படி எதுவும் கிடையாது. எது விழுந்தாலும் அப்படியே ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். நம் பக்கத்து ஏரிகளோ ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குத் தண்ணீர் அனுப்புபவை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

"சோப்புத் தண்ணீர்தானே" என்பார்கள். சோப்புத்தூளின் பாஸ்பேட் ஆகாயத்தாமரைக்கு நல்ல உரம். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அழுகினால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும். மழையில்லாத மாதங்களில் அந்தத் தண்ணீர் கால்வாயிலேயே தேங்கி, யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவை வளர்க்கும். சோப்புத் தண்ணீருக்கு ஒருவர் பைப் போட்டால், செப்டிக் டேங்க் வழிகிறது என்று அடுத்தவர் இன்னொன்று போடுவார்.

இது எதில் போய் முடியும் என்பதற்கு தில்லி ஓர் உதாரணம். அங்கே நஜஃப்கர் கால்வாய், வஜீராபாத் குடிநீர் நிலையத்துக்குக் கீழே யமுனையில் கலக்கிறது. 1955-இல் ஆற்றின் போக்கு மாறியதால், கால்வாயின் கழிவுநீர் எதிர்த்து ஏறி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. குளோரின் கலந்ததால் டைபாய்டு பெருகவில்லை. ஆனால் மஞ்சள் காமாலைக் கிருமி குளோரினுக்குத் தப்பிவிட்டது. 29,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அது ஹெபடைடிஸ் ஈ வைரஸின் வேலை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. நம் வேப்பம்பட்டில் ஒரே மனைக்குள் போர்வெல்லும் செப்டிக் டேங்க்கும் இருக்கும்போது, கழிவு குடிநீரில் கலக்க நமக்கு அவ்வளவு பெரிய ஆறுகூட வேண்டாம்.

ஆகவே வீட்டின் மூன்று வகைத் தண்ணீருக்கும் மூன்று வழி. மொட்டை மாடித் தண்ணீர் மழைநீர் சேகரிப்புக் குழிக்கு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம். குழி நிரம்பி மிஞ்சினால் மட்டும் கால்வாய்க்கு. மழைநீரைச் செப்டிக் டேங்க்கில் விட்டால், அடியில் படிந்த கசடெல்லாம் கலங்கி வெளியே வரும்.

கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்க்குக்கு, அங்கிருந்து உறிஞ்சுகுழிக்கு. டேங்க் கசடைப் படிய வைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. வெளியே வருவது தெளிவாக இருந்தாலும் அழுக்குதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். மூடியை நீ திறக்காதே, யாரையும் உள்ளே இறங்க விடாதே. விஷவாயு ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

அடுப்படி, குளியலறை, வாஷிங் மெஷின் தண்ணீரை, எண்ணெயும் பருக்கையும் தங்க ஒரு சிறு சேம்பர் வைத்து, வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சலாம். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் மண் இழுக்காது. கால்வாயில் பைப் போட ஆசை வருவது அப்போதுதான். அந்தச் சில நாள் துணி துவைப்பதைத் தள்ளிப்போட்டுச் சமாளியுங்கள்.

இப்போதே எது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமா? மழையில்லாத ஒரு நாள், ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து அடுப்படி சிங்க்கில் ஊற்று. தம்பியைக் கால்வாய் ஓரம் நிறுத்து. நீலம் அங்கே தலைகாட்டினால் அந்தப் பைப்பைத் திருப்ப வேண்டும். குளியலறை, வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றாகப் பார்.

நீர்நிலையைக் கெடுப்பதை 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அப்பாவிடம் சட்டம் பேசாதே. நம் போர்வெல் தண்ணீரைப் பேசு. கால்வாய்ச் சுவரில் துளை போட்ட பிறகு அதை அடைக்க யாருக்கும் நேரம் வராது. பிளம்பர் வருவதற்கு முன்பே பேசிவிடு.

அன்புடன்,
சித்தப்பா