தோல் ஜாக்கெட்டுக்கு எந்த எண்ணெய்?
(சரக்கறிவுப் பாடம்)



இந்த முறை பாடத்துக்கு எடுத்துக்கொண்ட சரக்கு சிலருக்கு வியப்பாக இருக்கலாம். புளி, பருப்பு, மிளகாய் விற்கும் நமக்குத் தோல் ஜாக்கெட்டுக்குப் பூசும் கண்டிஷனரோடு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. ஒரு நல்ல வாடிக்கையாளரின் பொருளைக் கெடுத்த பிறகே நான் அதைத் தெரிந்துகொண்டேன். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் கடை பொன்மலையில். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை இங்கே மாற்றப்பட்ட பின் வளர்ந்த ஊர் இது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பணிமனைக் குடும்பத்தினர். ஓய்வு பெற்ற ஃபோர்மேன் ஒருவர் ஒரு நாள் ஒரு பையோடு வந்தார். உள்ளே செம்மறிக் குட்டித்தோலில் தைத்த கறுப்பு ஜாக்கெட்.

"அண்ணாச்சி, பையன் லண்டன்லேருந்து வந்தப்ப விட்டுட்டுப் போனது. பீரோவுல கிடந்து வெறைச்சுப் போச்சு. இதுக்கு என்ன தடவலாம்?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "தேங்காய் எண்ணெய் போதும் சார், பளபளன்னு ஆயிரும்" என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கொடுத்தேன்.

கார்த்திகையில் அதே பையோடு திரும்பி வந்தார். தோள்பட்டையில் திட்டுத் திட்டாகக் கருமை. காலரில் பிசுபிசுப்பு. முதுகில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம். பையைத் திறந்ததும் சிக்கு வாடை. அவர் சத்தம் போடவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் செஞ்சேன் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அதன்பின் தோல் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கீழே தருகிறேன்.

தோலுக்கு எண்ணெய் ஏன்?

தோல் தொழில் நமக்கு அந்நியமானதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை போலவே திருச்சியும் திண்டுக்கல்லும் தோல் பதனிடுவதில் பெயர் பெற்றவை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் நம் பழைய முறைத் தோல், "ஈஸ்ட் இந்தியா தோல்" என்ற பெயரில் கப்பலேறியது. அதற்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948 முதல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது.

தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். பதனிட்ட தோலை அப்படியே உலர விட்டால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடு போல் விறைத்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே பதனிடுவோர் புங்க எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றை ஏற்றினார்கள். இன்றைய தொழிற்சாலையில் எண்ணெயை நீரில் பால் போலக் கலந்து, சுழலும் பெரிய மரப் பீப்பாயில் ஈரத்தோலோடு சேர்த்து உருட்டுகிறார்கள். எண்ணெய் ஒவ்வொரு நாரையும் மெல்லிய படலமாகச் சுற்றிக்கொள்கிறது. வருடங்கள் போகப் போக இது குறையும். குறைந்ததைச் சிறிதளவு ஈடு செய்வதே கண்டிஷனரின் வேலை.

ஆக, தோலுக்கு எண்ணெய் தேவை என்று நான் நினைத்தது தவறல்ல. எந்த எண்ணெய், எந்த வடிவில், எவ்வளவு என்று தெரியாமல் சொன்னதே தவறு.

குட்டித்தோலின் குணம்

வெள்ளாட்டுத் தோலில் நார்ப் பின்னல் நெருக்கமானது. தோல் உறுதியாக இருக்கும். செம்மறித் தோலில் பின்னல் தளர்வு, அதனால் மென்மை. அதிலும் குட்டித்தோல் மிக மெல்லியது. செம்மறி எல்லாம் ஒன்று என்றும் எண்ண வேண்டாம். நம் பக்கத்துத் திருச்சி கருப்பு ஒரு வகை. தோலின் தரத்துக்குப் பெயர் பெற்ற சேலம் மாவட்டத்து மேச்சேரி இன்னொரு வகை. குளிர்நாட்டுக் கம்பளி ஆட்டின் தோல் இவற்றைவிடத் தளர்வானது.

மெல்லிய, தளர்ந்த தோல் எண்ணெயைச் சட்டென்று உறிஞ்சும். ஓர் இடத்தில் கூடுதலாகப் பட்டால் அந்த இடம் கறுக்கும். அளவு மிஞ்சினால் தோல் தொய்ந்து வடிவம் போகும். மாட்டுத்தோல் பூட்ஸ் தாங்குவதைக் குட்டித்தோல் தாங்காது.

கடையில் உள்ள எண்ணெய்கள் ஏன் ஆகா?

தேங்காய் எண்ணெய்: ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலில் கட்டியாகிப் போவதை நாம் பார்க்காததா? அந்த ஜாக்கெட்டைக் குளிர் ஊருக்குக் கொண்டு போனால் தோலின் மேலேயே வெள்ளை பூக்கும். நம் ஊரில் இருந்தாலோ எண்ணெய் திட்டுத் திட்டாய் இறங்கும்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய்: காற்றுப்பட்டு நாளாக நாளாகப் பிசுபிசுக்கும், சிக்கு அடிக்கும்.

பூட் பாலிஷ்: மெழுகும் சாயமும் கரைப்பானும் கலந்தது. செருப்புக்கு ஏற்றது. ஜாக்கெட்டில் தடவினால் சட்டைக் காலரில் சாயம் ஒட்டும்.

சோப்பும் சலவைத்தூளும்: இன்றைய ஜாக்கெட் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது; புளிப்புத் தன்மையுள்ளது. சோப்பு காரம். காரம் பட்டால் சாயமும் மென்மையும் போகும்.

பதனிடுவோரும் எண்ணெய்தானே சேர்த்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் ஈரத்தோலில், சாயப்பூச்சுக்கு முன், எங்கும் சமமாகப் பரவும்படி ஏற்றினார்கள். நாமோ பூச்சு முடிந்த உலர்ந்த தோலின் மேல் பாட்டிலைக் கவிழ்க்கிறோம். இதுதான் வித்தியாசம்.

சரக்கை எடுக்கும் முன் மூன்று கேள்விகள்

1. இது தோல்தானா? தையல் ஓரத்திலோ வெட்டு விளிம்பிலோ பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி தெரிந்தால் ரெக்ஸின். அதற்குக் கண்டிஷனர் வீண் செலவு. மேற்புறம் வெல்வெட் போலச் சொரசொரப்பாக இருந்தால் அது ஸ்வேட். அதற்கு எந்தக் க்ரீமும் கூடாது. மென்மையான பிரஷ் போதும்.

2. நீரைக் குடிக்கிறதா? வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு உருண்டு நின்றால் மேற்பூச்சு உள்ள தோல். உடனே இறங்கிக் கறுத்தால் பூச்சு இல்லாத தோல். இதில் எதைப் பூசினாலும் நிறம் மாறக்கூடும். அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

3. என்ன கேடு? விறைப்பு என்றால் கண்டிஷனர் உதவும். பூஞ்சணம் என்றால் முதலில் அதை நீக்க வேண்டும். வெடிப்பு, பூச்சு உரிதல் என்றால் கண்டிஷனரால் சரியாகாது. தோல் வேலை தெரிந்தவரிடம் அனுப்புங்கள்.

எதை வாங்கி வைப்பது?

நிறமற்றதும், நீரில் கலந்த க்ரீம் அல்லது பால் வடிவில் உள்ளதும் குட்டித்தோலுக்கு ஏற்றது. ஆடைத்தோலுக்கு அல்லது நாப்பா தோலுக்கு உகந்தது என்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மிங்க் எண்ணெய், கெட்டி மெழுகு ஆகியவை குதிரைச் சேணத்துக்கும் கனத்த பூட்ஸுக்கும் உரியவை. குட்டித்தோலைக் கறுக்கச் செய்யும். கார் டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் பாலிஷும் வேண்டாம்.

மெதுவாக ஓடும் சரக்கு இது. டஜன் கணக்கில் வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள். சிறிய அளவுப் பாட்டில்கள் நாலைந்து போதும். வாங்கும்போது குலுக்கிப் பாருங்கள். எண்ணெயும் நீரும் பிரிந்து மீண்டும் கலக்காவிட்டால் சரக்கு கெட்டது. வெயில் விழும் ஷோகேஸில் அடுக்க வேண்டாம். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருடம் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்று லேபிள் இல்லாமல் வருவதைத் தொடாதீர்கள்.

பூசும் முறை

வாடிக்கையாளருக்கு இதை வரிசையாகச் சொல்லிக் கொடுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

1. உலர்ந்த பருத்தித் துணியால் தூசு துடைக்கவும். அழுக்கிருந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து நிழலில் ஆறவிடவும். பூஞ்சணம் இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கை மூடிக்கொண்டு துடைக்கவும்.

2. உட்புற மடிப்பில் ஒரு பொட்டு பூசி மறுநாள் வரை பார்க்கவும். நிறம் மாறாவிட்டால் மட்டும் மேற்கொண்டு செய்யவும்.

3. க்ரீமைத் துணியில்தான் எடுக்க வேண்டும். நேரே ஜாக்கெட்டில் ஊற்றக் கூடாது. ஒரு கைப்பகுதிக்கு ஒரு ரூபாய் நாணய அளவு போதும்.

4. வட்டமாகத் தேய்த்து மெல்லப் பரப்பவும். ஜிப்பிலும் உள் துணியிலும் படாமல் பார்த்துக்கொள்ளவும். முழங்கை, காலர், கை விளிம்பு ஆகியவை அதிகம் மடங்கும் இடங்கள். அவற்றை விட்டுவிடாமல் பூசவும்.

5. கால் மணி நேரம் கழித்து வேறொரு உலர்ந்த துணியால் மிச்சத்தை எல்லாம் துடைத்தெடுக்கவும். துடைக்காமல் விட்ட க்ரீமில்தான் தூசும் பூஞ்சணமும் பிடிக்கும்.

6. அகலமான ஹேங்கரில் மாட்டி ஓர் இரவு நிழலில் விடவும். வெயில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் எதுவும் கூடாது.

ஒரு பூச்சே போதும். இன்னும் விறைப்பாக இருந்தால் மறுநாள் மெல்லிய பூச்சு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

நம் ஊருக்கு எந்தக் காலம்?

குளிர்நாட்டில் ஜாக்கெட் தினமும் உடம்பில் இருக்கும். நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி பீரோவில் இருக்கும். அங்கே வறட்சிதான் கவலை. இங்கே மழைக்கால ஈரமும் சேர்ந்த கவலை. பொன்மலையானாலும் காவிரி சூழ்ந்த ஸ்ரீரங்கமானாலும் ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் ஈரம் தங்கும். அப்போது எண்ணெய்ப் பசையோடு இருக்கும் தோல் பூஞ்சணத்துக்கு விருந்து.

ஆகவே அடைமழை நாளில் பூசுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மழை ஓய்ந்து காற்று உலர்ந்த தை, மாசியில் ஒரு முறை பூசினால் கோடையைத் தாங்கும். அடிக்கடி அணிபவர் ஆடி வாக்கில் இன்னொரு முறை பூசலாம். பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைக்கக் கூடாது. பழைய பருத்தி வேட்டியால் போர்த்தினால் காற்றாடும். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் மாட்டச் சொல்லுங்கள். அந்துருண்டை தோலில் நேரே படக் கூடாது.

வாக்கும் பொறுப்பும்

இதில் சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் கொடுக்காத ஓர் உத்தரவாதத்தைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்து, அது பொய்த்துக் கேடு வந்தால், அவரும் பொறுப்பாவார். தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் விட்டாலும் பொறுப்பு உண்டு. லேபிளில் இல்லாததை நம் வாயால் சேர்க்கக் கூடாது என்பதே இதன் சாரம். தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலில் தோலுக்குப் பூசலாம் என்று யாரும் அச்சிடவில்லை. அதைச் சேர்த்தவன் நான்.

அந்தப் பெரியவரின் ஜாக்கெட்டைத் தோல் வேலை தெரிந்தவரிடம் என் செலவில் கொடுத்தேன். பூஞ்சணம் போயிற்று, வாடையும் குறைந்தது. தோள்பட்டைக் கருமை போகவில்லை. அவர் இன்றும் மாதச் சாமான் என்னிடம்தான் வாங்குகிறார். அது அவருடைய பெருந்தன்மை, என் சாமர்த்தியமல்ல.

நினைவில் வைக்க:

- தோலா, ரெக்ஸினா, ஸ்வேட்டா என்று முதலில் பார்க்கவும்.
- குட்டித்தோலுக்கு நிறமற்ற, நீர் கலந்த மெல்லிய க்ரீம். சமையல் எண்ணெய் எதுவும் கூடாது.
- உட்புறத்தில் சோதனை, மெல்லிய ஒரு பூச்சு, மிச்சத்தைத் துடைத்தல், நிழலில் ஆறுதல்.
- மழைக்காலத்தில் பூச வேண்டாம்.
- தெரியாததைக் கேட்டால், "விசாரித்துச் சொல்கிறேன், நாளைக்கு வாங்க" என்று சொல்லவும்.

கடைசியாகச் சொன்னது எல்லாச் சரக்குக்கும் பொருந்தும்.