இழுக்காமல் தூக்குவோம்: ஒரு விசைப்படம் சொல்லும் பாடம்



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை விபத்து என்றால், செய்தியில் "உராய்வு ஏற்பட்டு" என்ற சொற்களை அடிக்கடி பார்க்கிறோம். அதே உராய்வை நம் பிள்ளைகள் பிளஸ் ஒன் இயற்பியலில், 'இயக்க விதிகள்' பாடத்தில் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தில் பலர் தடுமாறும் இடம் தனித்த பொருள் விசைப்படம். நம் ஊர் வேலையை வைத்தே அதைப் பார்ப்போம்.

20 கிலோ பெட்டி ஒன்று சிமெண்ட் தரையில் இருக்கிறது. ஒருவர் அதைக் கிடைமட்டமாகச் சீரான வேகத்தில் இழுக்கிறார். படத்தில் தரையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பெட்டிக்கு ஒரு புள்ளி மட்டும் வைத்து, பெட்டியின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாக வரைய வேண்டும். கீழ்நோக்கி எடை: புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் 200 நியூட்டன். மேல்நோக்கித் தரை தரும் செங்குத்து விசை. முன்னோக்கி இழுவிசை. பின்னோக்கி உராய்வு விசை. ஆக நான்கு அம்புகள்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக வரும். பெட்டி தரையை அழுத்தும் விசையையும் சிலர் வரைகிறார்கள். அது தரையின் மேல் செயல்படுவது, இந்தப் படத்தில் வராது. வேகத்துக்கும் அம்பு போடுகிறார்கள். வேகம் விசை அல்ல.

உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்துக் கணக்கிடுவோம். உராய்வு என்பது குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி வருவது.

கிடைமட்டமாக இழுத்தால் செங்குத்து விசை 200, உராய்வு 100 நியூட்டன்.

குனிந்து, 30 டிகிரி கீழ்நோக்கித் தள்ளினால் நம் விசையில் ஒரு பங்கு தரையை அழுத்துகிறது. செங்குத்து விசை சுமார் 281, உராய்வு சுமார் 141.

கயிறு கட்டி 30 டிகிரி மேல்நோக்கி இழுத்தால் ஒரு பங்கு பெட்டியைத் தூக்குகிறது. செங்குத்து விசை சுமார் 155, உராய்வு சுமார் 78.

தள்ளுவதைவிட இழுப்பது ஏன் எளிது என்ற தேர்வுக் கேள்விக்கு விடை இதுதான். ஆனால் நமக்கு அதோடு முடியவில்லை. 100 நியூட்டன் உராய்வோடு 3 மீட்டர் இழுத்தால் 300 ஜூல் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகிறது. பெட்டிக்கும் தரைக்கும் இடையே சிந்திய மருந்துத் துகள் சிக்கியிருந்தால் அந்தத் தேய்ப்பும் சூடும் அதன் மேல்தான் விழும். எப்படி இழுத்தாலும், பெட்டி தரையைத் தொடும் வரை உராய்வு குறையுமே தவிர மறையாது.

இருவர் சேர்ந்து தூக்கினால்? தரையிலிருந்து வரும் அம்பு படத்திலிருந்தே போய்விடுகிறது. செங்குத்து விசை சுழி, ஆகவே தரையோடு உராய்வும் சுழி. ஆளுக்கு 100 நியூட்டன் சுமைதான். வெடிபொருள் பெட்டியை இழுக்கவோ உருட்டவோ எறியவோ கூடாது, கையால் தூக்கி மெதுவாக வைக்க வேண்டும் என்ற விதியின் காரணம் இந்தப் படத்திலேயே இருக்கிறது. அவசரத்திலும் பீஸ் ரேட் கணக்கிலும் முதலில் மறந்துபோவது அந்த விதிதான்.

மாணவச் செல்வங்களே, இந்தப் படத்தை நோட்டில் வரையுங்கள். அத்தாவோ அம்மாவோ அண்ணனோ ஆலைக்குப் போகும் வீடாக இருந்தால், அவர்களுக்கும் காட்டி விளக்குங்கள். படித்தது மதிப்பெண்ணுக்கும் உதவும், ஓர் உயிருக்கும் உதவலாம்.

அல்லாஹ் நம் உழைப்பாளர்கள் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.