சுதையும் அச்சும்

மதுரை மாநகரில் திருமலை நாயக்கர் அரண்மனை காண்போர் உள்ளத்தைக் கவர்ந்து நிற்கின்றது. 1636-ஆம் ஆண்டில் எழுந்த அவ்வரண்மனையில் இன்று எஞ்சி நிற்பது ஒரு பகுதியே. எனினும், அதன் வளைவுகளின்மீது படர்ந்துள்ள கொடிகளும் பூக்களும் பண்டைக் கொத்தர்தம் கைத்திறனை நன்கு விளக்குகின்றன. அவை கல்லிற் செதுக்கப்பட்டவை அல்ல. செங்கல்லின்மேல் சுண்ணாம்புச் சாந்து கொண்டு ஆக்கிய சுதை வேலைகளாகும்.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயிற் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணலொடு கூட்டி அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் சேர்ப்பதும் உண்டு. பூசிய சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் கல்லின் தன்மையை எய்தும். அது விரைவில் இறுகாமையின், கொத்தர் கரண்டியாலும் விரலாலும் தம் எண்ணம்போல் உருவமைக்க இயல்கின்றது. சுதைக்குப் பொறுமையே முதற் கருவி.

இல்லங்களின் உள்விதானத்திற்கு அணி செய்ய இக்காலத்தில் மிகுதியாகப் பயன்படுவது மற்றொரு சாந்தாகும். அது ஜிப்சம் என்னும் கனிப்பொருளிலிருந்து கிடைப்பது. நம் நாட்டில் திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர்ப் பகுதிகளில் ஜிப்சம் உண்டு. பாரிசு நகரை அடுத்து முன்னாளில் மிகுதியாக வெட்டி எடுக்கப்பட்டமையின், அதன் பொடி 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' எனப் பெயர் பெற்றது. ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், தன்னுள் அடங்கிய நீரில் முக்காற் பங்கை இழந்து பொடியாகும். அப்பொடி நீர் பெற்றவுடன், இழந்ததை மீட்டுக்கொண்டு சில நிமிடங்களில் இறுகும். இறுகும்போது சிறிதளவு விரியவும் செய்யும். அதனாலன்றோ அச்சின் நுண்ணிய கோடுகளும் வார்ப்பில் தெளிவாகப் பதிகின்றன!

முதலில் களிமண்ணால் ஒரு பூவடிவம் செய்து, அதன்மேல் ரப்பர்க் குழம்பை ஊற்றி அச்செடுத்தல் வேண்டும். பின்னர், நீரிற் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, காற்றுக் குமிழிகள் அகலுமாறு அச்சினுள் வார்த்தல் வேண்டும். பொடியின்மேல் நீரை ஊற்றினாற் கட்டி தட்டும். நன்கு இறுகிய பின் அச்சை நீக்கி, வார்ப்பை உலர்த்தி, அதன் முதுகையும் விதானத்தையும் கீறி நனைத்து, புதுச் சாந்து தடவிப் பொருத்துவர்.

இச்சாந்து இறுகுங்கால் வெப்பம் பிறக்கும் என்பதை ஒருபோதும் மறத்தலாகாது. 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பள்ளி மாணவி ஒருத்தி, தன் கைகளையே வார்க்க எண்ணி அவற்றைச் சாந்தினுள் வைத்தாள். வெந்த விரல்களிற் பெரும்பாலனவற்றை அவள் இழக்க நேர்ந்தது. விளையாட்டாகச் செய்தது வாழ்நாள் துயராயிற்று.

பொருளின் குறையையும் அறிதல் வேண்டும். ஜிப்சம் நீரிற் சிறிது கரையும் இயல்பினது. சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டு ஒண்டிக்கடையில் வாழும் ஒருவர், மழையும் மூடுபனியும் கருதாமல் வெளிச்சுவரில் இப்பூவைப் பதிப்பாராயின், அஃது உதிர்ந்தொழியும். ஒழுகாத கூரையின்கீழ், உலர்ந்த அறையில் அமைப்பாராயின், அது நெடுநாள் நிற்கும்.

அச்சு உருவத்தைத் தரும். ஆனால் அறிவைத் தராது. பொருளின் இயல்பறிந்து பணி செய்பவனே உண்மையான கைவினைஞன் ஆவான்.